வீட்டுக்கு ஒரு வாரிசு, சாமானுக்கு வேறொரு வாரிசு

போன வருடம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகச் செட்டிநாட்டில் எங்கள் ஊரில் கூடியபோது, நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் பாய் விரித்து உட்கார்ந்து வீட்டைப் பற்றிப் பேசினோம். எங்கள் வீட்டில் 14 புள்ளி, அதாவது பங்குள்ள 14 குடும்பம். சென்னை, கோவை, பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். ஊரிலேயே இருப்பவர் ஒரே ஒரு பெரியவர். வருடத்துக்கு ஒருமுறை தலைக்கு இவ்வளவு என்று போடுகிற பணம் கரண்டு பில்லுக்கும் காவலுக்கும் சரியாகப் போய்விடுகிறது. மேற்கு ஓரத்தில் ஓடு உடைந்து மூன்று மழைக்காலமாகத் தண்ணீர் இறங்கியதில், ஒரு தேக்கு உத்திரத்தின் முனை கை வைத்தால் மாவாக உதிர்கிறது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம் அது.

ஓர் அண்ணன் ஹோட்டலுக்குக் குத்தகை விடலாம் என்றார். இன்னொருவர் பிரித்து விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். பெரியவர், தான் இருக்கும்வரை பூட்டியே கிடக்கட்டும் என்றார். ராத்திரி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆச்சி ஒருத்தர் கேட்ட கேள்விதான் இதை என்னை எழுத வைத்தது. "வீட்டை என்ன பண்றதுன்னு எல்லாரும் பேசுறீக. உள்ள இருக்கிற சாமான் யாருது? அது நம்ம அப்பத்தா கொண்டு வந்ததுல்ல?"

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்தக் கேள்வியில் தொடங்குவதில்லை. வீட்டைக் கட்டியது கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஆண்கள். புள்ளிக் கணக்கு அவர்கள் வழியாக இறங்கியது. பெண்களுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுதும் 2005இலும் சட்டத்தில் வந்த மாற்றம். ஆனால் அறைக்குள் இருக்கும் அண்டா, குத்துவிளக்கு, மங்கு என்கிற பீங்கான், எனாமல் சாமான், வெள்ளி, ஓலைக் கொட்டான், தடுக்கு எல்லாவற்றிலும் பெரும்பகுதி மருமகள்களோடு சீர்வரிசையாக வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெண்ணின் சொத்து அவளுக்கே முழு உரிமை. உயில் இல்லாமல் அவள் இறந்தால் மகன், மகள், கணவர் மூவரும் சேர்ந்து வாரிசு. ஆக, வளவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு வீட்டின் மேல் உரிமை இருக்கலாம். அறைக்குள் இருப்பதன் மேல் வேறு ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்ட அத்தைமார்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில், பூட்டி வைப்பது. செலவில்லாதது போலத் தெரியும். எனக்குத் தெரிந்து வீடுகளை அதிகம் கொன்றது இதுதான். சுண்ணாம்புச் சுவர் நூறு வருடம் நிற்கும், கூரை ஒழுகாத வரை. ஒரு ஓடு நகர்ந்தால் தண்ணீர் கைமரத்தில் இறங்குகிறது, ஈர மரத்துக்குக் கரையான் வருகிறது, கைமரம் தொய்ந்தால் பக்கத்து ஓடுகள் சரிகின்றன. ஆள் இருக்கும் வீட்டில் இது முதல் மழையிலேயே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் ஓட்டுச் செலவு உத்திரச் செலவாக ஆகியிருக்கும். அப்புறம் அவசரத்துக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு சிமென்ட் பூசுவோம். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பக்கத்தில் இருக்கும் பழைய முட்டைச் சாந்தையும் பொரியாக உரித்துக்கொண்டு வரும். கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றிய அந்தப் பூச்சின்மேல் எமல்ஷன் பெயின்ட் அடித்தாலும் இதே கதிதான். எங்கள் முகப்பின் வலது சுவர் அப்படித்தான் போனது. நல்ல எண்ணத்தில், ஒரு கல்யாணத்துக்காக அடித்தது.

பூட்டி வைப்பதில் ஒரே ஒரு நன்மை இருக்கிறது, அது சாமானுக்கு. இங்கிலாந்தில் டெர்பிஷைர் பகுதியில் கால்க் ஆபி என்று ஒரு மாளிகை. தலைமுறை தலைமுறையாக எதையும் தூக்கி எறியாத குடும்பம். அறை நிறைந்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். 1985இல் மரபுக் கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அந்த வீட்டை எடுத்துக்கொண்டபோது, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கட்டில் ஒன்றின் சீனப் பட்டுத் திரைகள் விரிக்கப்படாமலே பெட்டியில் இருந்தன. வெளிச்சமே படாததால் நிறம் அப்படியே இருந்தது. எங்கள் சாமான் அறையைத் திறந்தபோது எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. வைக்கோல் சுற்றிய மங்குத் தட்டுகள், ஒரு முறைகூடச் சோறு படாமல், நேற்று வாங்கியதுபோல நீலமாக மின்னின. ஆனால் அதே அறையின் அடுத்த மூலையில், கூரை ஒழுகிய இடத்தில் இருந்த பேரேடுகள் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. இருட்டு காப்பாற்றியதை ஈரம் தின்றுவிட்டது.

அடுத்தது, பிரித்து விற்பது. இதைச் சொன்ன அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கடன் இருக்கிறது. செட்டிநாட்டில் இதற்குத் தனிச் சந்தையே உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால், தூண், நிலைக்கதவு, போதிகை, ரவிவர்மா படம், மங்குத் தூக்குச்சட்டி என்று பிரிந்த வீடுகள் கடை கடையாக அடுக்கியிருக்கும். பாத்திரங்களின் கழுத்தில் குடும்ப விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், இன்னும் வெட்டியபடி இருக்கும். அந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டு நடப்பது எனக்கு எப்போதும் வலிக்கிறது.

வலியை விட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். வீட்டை மொத்தமாக எடுப்பவர் மரத்துக்கும் கல்லுக்கும் விலை சொல்வார். சுதை, சாந்து, தரை ஆகியவற்றைக் கழற்ற முடியாது, அதனால் அவற்றுக்கு விலையே இல்லை. இடிகூலி வேறு கழியும். கிடைப்பதை 14ஆல் வகுத்து, ஒரு புள்ளிக்குள் நான்கு வாரிசு என்றால் இன்னும் நான்கால் வகுக்க வேண்டும். சட்டமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களை 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்யக்கூடாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருடமே போதும். தந்தச் சாமானை விற்கவே முடியாது.

பிரித்த பொருள் பேசாமல் போய்விடும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய நட்டம். 1977இல் இங்கிலாந்தின் மென்ட்மோர் மாளிகையில் நடந்ததை அந்த நாட்டுக்காரர்கள் இன்னும் சொல்லி வருந்துகிறார்கள். வீட்டையும் உள்ளிருந்த பொருட்களையும் சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி அரசிடம் வாரிசுகள் கேட்டார்கள். அரசு மறுத்தது. ஏலத்தில் பொருட்கள் மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் போய், ஊர் ஊராகச் சிதறின. அந்த வருத்தத்திலிருந்துதான் 1980இல் தேசிய மரபு நினைவு நிதி என்று ஒன்று உருவானது. கால்க் ஆபியைக் காப்பாற்றிய பணத்தில் அதன் பங்கும் உண்டு. நம் பக்கத்தில் எத்தனையோ மென்ட்மோர்கள் லாரி ஏறிப் போய்விட்டன. நிதி ஒன்றும் வரவில்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது பற்றியும் பேசினோம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. பழைய வீட்டுப் பாகங்களைக் கொண்டுபோய்த் திரும்ப எழுப்பியது. பள்ளிப் பிள்ளைகள் அதன் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருந்தது. இடிந்தே தீரும் என்ற வீட்டுக்கு இது நல்ல கதி. ஆனால் எங்கள் வீடு இடிந்தே தீரும் நிலையில் இல்லை. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக, ஊருணிக்கும் நகரச் சிவன் கோயிலுக்கும் இடையில் அது நிற்கிற நிற்பில்தான் அதன் பாதி அர்த்தம் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதும் ஊர்த் தொகுதிகளாகத்தான் சேர்ந்தது, தனி வீடாக அல்ல.

காகிதத்துக்கு மட்டும் என் கருத்து வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகமும் இதழும் துண்டறிக்கையும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, ஆனால் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே நூலகமாக நிற்கிறது. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்கிற எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. எங்கள் பேரேடுகள், ரங்கூன் கடிதங்கள், ஓலைகளை நாங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்ற மாட்டோம் என்பதை ஒட்டிப்போன அந்தக் கட்டியே சொல்லிவிட்டது. காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சி காத்திருக்காது. அவற்றை நூலகம் மாதிரி ஓரிடத்தில் மின்படி எடுக்கக் கொடுத்து, மூலத்தையும் அங்கேயே வைக்கச் சொல்வதுதான் சரி.

படப்பிடிப்புக்கு விடுவதை நான் ஒரே மூச்சில் மறுத்துவிட்டேன். ஆத்தங்குடிப் பெரிய வீடு போலக் கட்டணம் வாங்கிப் பார்க்க விடுவது வேறு. அதற்கு ஆளும் ஒழுங்கும் இருந்தால் போதும். படப்பிடிப்பில் ஆணி அடிப்பார்கள், சுவர் நிறத்தை மாற்றுவார்கள், தூண்மேல் விளக்கைக் கட்டுவார்கள். இரண்டு நாள் பணத்துக்கு இருபது வருடக் கீறல்.

சரி, ஹோட்டல். இதில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடைமுறையில் பணம் வரும் வழி இது ஒன்றுதான். முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. காரைக்குடியில் பங்களா, குடும்பத்தாரே நடத்துவது. கானாடுகாத்தானில் விசாலம், அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு. இப்போது ஒரு ஹோட்டல் குழுமம் நடத்துகிறது. கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் எடுத்துச் சீர்செய்தது. செட்டிநாட்டை யுனெஸ்கோவின் கண்ணுக்குக் கொண்டுபோனதிலும் அவர்கள் உழைப்பு உண்டு. இவற்றையெல்லாம் போய்ப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இருக்கும் வீட்டின் கூரை ஒழுகாது என்ற எளிய உண்மையே பெரிய பலம். பழைய முறையில் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாருக்கும் ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவருக்கும் வேலை கிடைக்கிறது; வேலை இருந்தால்தான் அடுத்த தலைமுறை அதைக் கற்றுக்கொள்ளும்.

சிக்கல் குளியலறையில் தொடங்குகிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒரு புள்ளியின் பெட்டி படுக்கையை வைக்கக் கட்டியவை; தூங்குவதெல்லாம் வெளியே பட்டாலை என்கிற மேடைக் கூடத்தில். விருந்தினருக்கு அறைக்கு அறை குளியலறை வேண்டும் என்றால் இரண்டு அறையை ஒன்றாக்கிச் சுவரை உடைக்க வேண்டும், சுண்ணாம்புச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயை விட வேண்டும். ஒழுகினால் பூட்டிய வீட்டின் கதையே உள்ளிருந்து நடக்கும். இதைச் சரியாகச் செய்தவர்கள் குளியலறைகளை வளவுக்கு வெளியே, பின்கட்டிலோ பக்கவாட்டிலோ புதிதாகக் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். அறை எண்ணிக்கை குறையும், வருமானமும் குறையும். இந்தக் குறைவை ஒத்துக்கொள்ளாதவருக்குக் குத்தகை கொடுக்கக் கூடாது.

மின்சாரம் அதைவிடப் பயம். 2015 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிளாண்டன் மாளிகை ஒரே நாளில் வெறும் சுவராக நின்றது. நிலவறை மின்பெட்டியில் ஏற்பட்ட கோளாறு. நேஷனல் டிரஸ்ட் போன்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தும் அப்படி. எதை முதலில் தூக்க வேண்டும் என்று முன்பே திட்டம் வைத்திருந்ததால் நூற்றுக்கணக்கான பொருட்கள் வெளியே வந்தன. தேக்குக் கூரைக்குக் கீழே ஏசி, கீசர் என்று போடப்போகும் நாம் அப்படி ஒரு திட்டம் வைத்திருக்கிறோமா?

ஹோட்டலில் சாமானின் நிலை என்ன என்று நான் கேட்ட இடங்களில் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: அலங்காரம். அண்டாவில் பூ மிதக்கும், மங்குத் தட்டு சுவரில் தொங்கும், பழைய புகைப்படம் வெயில் அடிக்கும் முற்றத்துத் தூணில் மாட்டியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் விலாசம் மழுங்கிக்கொண்டே வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அங்கே அந்தப் பொருளின் வேலை அழகாக இருப்பது. யாருடையது என்று சொல்வது அல்ல.

கடைசியாக, அறக்கட்டளை. எனக்கு மனதளவில் பிடித்தது இதுதான், ஆனால் ஆசையை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1937இல் சட்டம் திருத்தி, மாளிகைகளை நேஷனல் டிரஸ்ட் வாங்கிக்கொள்ளவும் கொடுத்த குடும்பம் அங்கேயே குடியிருக்கவும் வழி செய்தார்கள். பலர் மறப்பது, அந்த டிரஸ்ட் வீட்டை மட்டும் வாங்காது என்பதை. வருங்காலப் பராமரிப்புக்கான மூலதனத்தையும் சேர்த்துக் கேட்கும். பணம் இல்லாமல் வந்த வீடு அறத்துக்குப் பாரம். நம்மிடம் அதற்கு ஈடான நிறுவனம் இல்லை. 1984இல் தொடங்கிய மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் ஆலோசனை சொல்லும், ஆவணப்படுத்த உதவும். உங்கள் வீட்டை எடுத்து நடத்தாது. நாமே பொது அறக்கட்டளை வைத்தால் திரும்பி வர முடியாது: ஒருமுறை எழுதிக்கொடுத்த சொத்தைப் பிள்ளைகள் மீட்க இயலாது. மூலதனம் சேர்க்காமல் அதைச் செய்வது, நம் பொறுப்பைப் பேரப்பிள்ளைகள் தலையில் கட்டுவது.

நான் பங்காளிகள் முன் வைத்தது கலப்பு வழி. முகப்பும் பக்கவாட்டு அறைகளும் விருந்தினருக்கு, அறைகள் குறைவாக, குளியலறை பின்கட்டில். வளவும் சாமி அறையும் குடும்பத்தின் கையில். படைப்பும் பிள்ளையார் நோன்பும் கல்யாணமும் அறுபதாம் வயதுச் சாந்தியும் எங்கே நடந்தனவோ அங்கேயே நடக்கும். சாமான் குத்தகையில் சேராது. எந்தப் பொருள் முகப்புக்கு வரலாம், எவ்வளவு நாள், என்பதைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். அதில் சிமென்ட் பூச்சு கூடாது, எமல்ஷன் கூடாது, சுவர் உடைக்க எழுத்து அனுமதி வேண்டும் என்ற மூன்று வரியும் இருக்க வேண்டும். வாடகையில் ஒரு பகுதி பங்கு பிரியும் முன்பே கூரைக் கணக்குக்குப் போகும்.

கடனில் இருக்கும் அண்ணனுக்கு இது பதில் இல்லை என்று தெரியும். அவர் பங்கை மற்றவர்கள் சேர்ந்து வாங்குவதுதான் நேர்மை. வெளியாள் வாங்கிப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி குடும்பத்தார் அந்தப் பங்கை நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு தங்கச்சியாக நான் அதை நம்பிக்கொண்டு காத்திருக்க விரும்பவில்லை. நெருக்கடியில் இருப்பவரிடம் முதலில் நாம்தான் போக வேண்டும்.

எந்த வழிக்குப் போனாலும் பட்டியல் முதலில். கையெழுத்துக்கு முன், குத்தகைக்கு முன், கூரை வேலைக்கும் முன். ஏனென்றால் வேலை நடக்கும் வீட்டில்தான் பொருள் அதிகம் காணாமல் போகிறது. நானும் ஆச்சியும் சேர்ந்து தொடங்கினோம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் எழுத. பொருளில் ஒட்டுத்தாள் ஒட்டுவதில்லை, நூலில் கட்டிய அட்டையில் எண். புகைப்படத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோல். எந்த அறை, என்ன உலோகம், என்ன விலாசம், எங்கே உடைசல். கடைசிக் கட்டத்தில்தான் எங்கள் பட்டியல் கடைக்காரர் பட்டியலிலிருந்து பிரிகிறது: யார் கொண்டு வந்தது. விலாசம் பிறந்த வீட்டுடையதா புகுந்த வீட்டுடையதா என்று ஆச்சி எழுத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அவருக்கு 81 வயது. மெருகு போட வேண்டாம், மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும் என்று நான் சொன்னபோது முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. விலாசம் மழுங்கிய ஒரு தாம்பாளத்தைக் காட்டியதும் புளியைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்துவிட்டார்.

இன்னொரு கட்டமும் சேர்த்திருக்கிறேன். வேல்ஸ் நாட்டில் எர்டிக் என்ற மாளிகையில் குடும்பத்தார் தங்கள் வேலைக்காரர்களை ஓவியமாக வரையச் சொல்லிப் பெயரோடு மாட்டி வைத்தார்கள். இன்று அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். எங்கள் தூணைச் செதுக்கிய ஆசாரி யார், சாந்து அரைத்தவர்கள் யார், மூன்றாம் கட்டில் சமைத்தவர் யார் என்று எங்கள் வீட்டில் ஒரு வரிகூட இல்லை. ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் பெயர் சொன்னார். கொத்தனார் ஒருவர், சமையல்காரர் ஒருவர். எழுதிக்கொண்டேன்.

இதுவரை 412 உருப்படி ஆகியிருக்கிறது. 14 அறையில் ஒன்பதைத்தான் திறந்திருக்கிறோம். நான்கு அறைச் சாவி பினாங்கிலிருந்து வர வேண்டும், ஒன்றின் சாவி யாரிடம் என்று இன்னும் விசாரிக்கிறோம். வருகிற பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் திரும்பக் கூடுகிறார்கள். இந்த முறை கட்டிக்கொடுத்த அத்தைமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் நானே போன் போட்டு அழைத்திருக்கிறேன். அதற்கு முன், மழை வருவதற்குள், மேற்கு ஓரத்து ஓடுகளை மாற்ற ஆள் சொல்லியாகிவிட்டது.